தண்ணீர் ஊற்றி வளர்த்த வங்கி

எங்கள் கோவில்பட்டி வங்கியின் நகைப் பெட்டக அறை இரும்புக் கதவுக்கு முன்னால் சீனித்தாய் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் ரசீது, இடுப்பில் சுருக்குப் பை, தலையில் பசுவந்தனை பஸ்ஸின் புழுதி. கதவின் கைப்பிடியில் நானும் வாட்ச்மேனும் தொங்கிக்கொண்டிருந்தோம். பேச்சுக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் காலைத் தூக்கி நிஜமாகவே தொங்கினோம்.

இரண்டு சாவியும் ஒழுங்காகத் திரும்பின. உள்ளே ‘டொக்’ என்று சத்தமும் கேட்டது. கதவு மட்டும் அசையவில்லை.

“பூட்டு தெறந்துட்டு சார். கதவுதான் தெறக்க மாட்டேங்குது” என்றேன்.

“பூட்டு திறந்தா கதவு திறந்துதானே ஆகணும்?” என்றார் மேனேஜர், ஏதோ நான்தான் கதவை உள்ளே இருந்து பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர். ஆனால் தும்மினால்கூட அதற்குத் தலைமை அலுவலகச் சுற்றறிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தும்முவார். ஊர் அவருக்கு ‘சர்க்குலர் சார்’ என்று பெயர் வைத்திருந்தது. அவர் அக்காவிடம் திரும்பி, “நீங்க நாளைக்கு வாங்களேம்மா” என்றார்.

“நாளைக்கு எம் மவளுக்குக் கல்யாணம் சார். காலையில ஏழு மணிக்கு முகூர்த்தம்.”

“அப்போ நாளை மறுநாள்?”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தாலி ஏறுன பெறகு கழுத்துல என்னத்தப் போட்டு யாருக்குக் காட்ட?”

விஷயம் இதுதான். விதைப்புக்காக அடகு வைத்த ரெட்டைவடச் சங்கிலியையும் கம்மலையும் அக்கா முந்தின நாளே மீட்டாயிற்று. ரசீதில் சீலும் விழுந்தாயிற்று. நகைப் பெட்டகம் பூட்டும் நேரமாகிவிட்டது, காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பியது நாங்கள்தான். இப்போது சங்கிலி கதவுக்கு அந்தப் பக்கம், அக்கா இந்தப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் குளத்தூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள். பசுவந்தனைக்கு அக்காவுக்குத் தோதான கடைசி பஸ் சாயங்காலம் ஐந்துக்கு.

எனக்கு வலிக்கவில்லை

போன வாரம், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் வங்கியில் பியூனாகச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “அந்தப் பழைய வங்கிக் கட்டடத்தை இடித்துவிட்டார்களாமே, நெஞ்சு வலிக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை. இடுப்புதான் வலிக்கிறது. அது அந்தக் கதவில் தொங்கியதால் வந்த வலி.

கட்டடத்தை இடித்த அன்று நானும் போயிருந்தேன். கயத்தாற்றுக் காண்டிராக்டர் ஒருவர் ஒரே ஒரு மஞ்சள் இயந்திரத்தோடு வந்தார். எதிரே நூறு செல்போன்கள். “அந்தக் காலத்துக் கட்டடம்னா கட்டடம். கோட்டை மாதிரி கட்டியிருக்கான் பாருங்க” என்று ஒருவர் உருக்கமாகப் பேசிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் கோட்டையில் பாதி தரையில் கிடந்தது. இயந்திரம் ஓட்டியவர் இறங்கி வந்து, “நான் நாலு நாள் வாடகை பேசிட்டு வந்தேன் அண்ணாச்சி, இது மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிரும்போல இருக்கே” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அன்று இரவே எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் கண்ணீர் அஞ்சலி. கை கூப்பும் படம், மெழுகுவத்திப் படம், ‘இனி இப்படி ஒரு கட்டடம் வருமா?’ என்ற கேள்வி. கேட்டவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட அதற்குள் காலடி வைத்தவர் இல்லை. நான் முப்பது வருஷம் அதைப் பெருக்கியவன். தரையில் விட்டிருந்த வெடிப்புக்குள் விழுந்த பேனா, சில்லறை, ஒரு தடவை காசாளரின் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றையும் கம்பி விட்டு எடுத்தவன். இனி இப்படி ஒரு கட்டடம் வராமல் இருப்பதே ஊருக்கு நல்லது.

ஆறு பேர், ஆறு தூண்

எனக்கு முன்னால் அங்கே பியூனாக இருந்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. அந்த வங்கியின் வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவர் வாயில்தான் இருந்தது. அவர் சொன்னபடி சொல்கிறேன்.

நிலபுலம் உள்ளவர்கள், பஞ்சு வியாபாரிகள் என்று ஆறு பேர் சேர்ந்து அந்த வங்கியைத் தொடங்கினார்களாம். மதுரைக்குப் போன இடத்தில் ஒரு வங்கியின் வாசலில் உருண்டைத் தூண்களைப் பார்த்து ஆறு பேரும் மயங்கிவிட்டார்கள். நமக்கும் தூண் வேண்டும். எத்தனை தூண்? மூன்று போதும் என்றார் மேஸ்திரி. யார் அந்த மூன்று பேர் என்று சண்டை வந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு தூண். இருபதடி வாசலுக்கு ஆறு தூண் நிறுத்தினால் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? கொஞ்சம் உடம்பு உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் வங்கிக்குள் போக முடியும்.

அஸ்திவாரம் தோண்டியது சித்திரையில். எங்கள் கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையில் அது களி, காலை இழுக்கும். கோடையில் கல், கடப்பாரையைத் திருப்பி அனுப்பும். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் ஆட்டுக்குட்டி விழுந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் கறுப்பு மண் முழுக்கத் தீர்ந்து வெள்ளைச் சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டுவார்கள். ஆற்று மணலைப் போட்டு நிரப்பி, அதன் மேல்தான் கல் வைப்பார்கள்.

நாலடி தோண்டியதும் கடப்பாரை ‘ணங்’ என்றதாம். “பாறை வந்துட்டு” என்று ஆறு பேரும் கை தட்டினார்கள். கிணறு வெட்டிப் பழகிய ஒருவர், “அது பாறை இல்லீய, மண்ணுதான். கோடைக்கு முறைச்சிக்கிட்டு நிக்கி. மழை பேஞ்சா பல்ல இளிச்சிரும்” என்று சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம். தோண்டுவதற்கு வைத்திருந்த பணம் தூணுக்குத் தேவைப்பட்டது.

இதில் என் வயிறு எரியும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆறு பேரில் ஒருவர், தன் ஊரில் மாட்டுத் தொழுவம் கட்டியபோது சுக்கான் தட்டும்வரை பத்தடி தோண்டியவர். மாட்டுக்குத் தெரிந்து செய்தவருக்கு மனுஷனின் தங்கத்துக்குச் செய்யத் தெரியாமலா போயிற்று? மாடு அவருடையது. தங்கம் ஊருடையது.

பக்கத்தில் கயிறும் சாக்கும் வாளியும் விற்கிற கடை வைத்திருந்த மைதீன் பாய் அடிக்கடி சொல்வார்: “ஒங்க பேங்கு மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டு, காலுக்குச் செருப்பு இல்லாம நிக்கி அண்ணாச்சி.”

இரண்டு வாளி

சங்கரலிங்கம் அண்ணாச்சி ஓய்வு பெற்றுப் போகும்போது என்னிடம் சாவிக்கொத்து, தேநீர்க் கெட்டில், துடைப்பம் மூன்றையும் ஒப்படைத்தார். கூடவே ஒரு வேலையும். மாசி பிறந்தால் ஆடி முடியும்வரை, தினமும் இரண்டு வாளித் தண்ணீரைப் பின்பக்கத்துக் கிழக்கு மூலையில் சுவரோரம் ஊற்ற வேண்டும்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“ஊத்துன்னா ஊத்துலே. எனக்கு முந்தி இருந்தவரும் ஊத்துனாரு.”

அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை. ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர், எல்லாவற்றையும் சேர்த்துவைத்து வருஷக்கணக்கில் ஊற்றினேன். சாமிக்கு எச்சில் தண்ணீரா என்று கொஞ்சம் உறுத்தும். அதனால் ஊற்றும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

சர்க்குலர் சார் மாற்றலாகி வந்தது ஒரு பங்குனியில். நான் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மறுநாள் மேஜைக்கு அழைத்து மெமோ கொடுத்தார். ‘குடிநீர்த் தட்டுப்பாடு நிலவும் காலத்தில் தண்ணீரை வீணாக்கியதற்கு விளக்கம் தருக.’ விளக்கம் எனக்குத் தெரிந்தால்தானே தருவதற்கு? “இனி ஊற்ற மாட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வைகாசியில்தான் சீனித்தாய் அக்கா அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது.

மண்ணுக்கு சர்க்குலர் உண்டா?

மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டார். பதில் வந்தது. கதவு செய்த கம்பெனியின் மெக்கானிக் மதராஸிலிருந்து வர மூன்று நாளாகும். அதுவரை யாரும் உடைக்கவோ நெம்பவோ கூடாது.

“மூணு நாள் பொறுத்துக்குங்கம்மா” என்றார் மேனேஜர். “வங்கின்னா பொறுமை வேணும்.”

அக்கா அழவில்லை. கதவை மேலும் கீழும் பார்த்தார். நிலையின் மேல் ஓரத்தில் கதவு இறுகிக் கடித்துக்கொண்டிருப்பதையும், கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருப்பதையும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். பின்னாலேயே நான் ஓடினேன், என் பின்னால் மேனேஜர்.

கிழக்கு மூலையில், சுவரோரம், என் முழங்கை போகும் அளவுக்கு மண் வெடித்திருந்தது.

“தம்பி, இங்கன முன்ன யாரும் தண்ணி கிண்ணி ஊத்துனாவளா?”

“நான்தான் ஊத்துவேன் அக்கா. பங்குனியோட நிறுத்திட்டேன்.”

“அந்தா அந்தப் பக்கம் ஒங்க கை கழுவுத தண்ணி போவுது. அங்கன மண்ணு ஈரமா நிக்கி. இங்கன காஞ்சி அமுங்கிட்டு. நெலை ஒரு பக்கமா சாஞ்சி கதவக் கடிச்சிக்கிட்டு. இது இரும்புக் கோளாறு இல்ல சார், மண்ணுக் கோளாறு. வெடிப்புல தண்ணி ஊத்துனா மண்ணு ஊதும். கதவு விட்டுக்குடுக்கும்.”

எத்தனை வருஷம்! மூன்று தலைமுறைப் பியூன்கள் ஊற்றியது சாமிக்கு இல்லை. அஸ்திவாரம் இல்லாத ஒரு வங்கிக்குத் தினமும் இரண்டு வாளி கொடுத்து நிமிர்த்தி வைத்திருக்கிறோம். நான் வேறு கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேனேஜர் தலையை ஆட்டினார். “ஸ்ட்ராங் ரூம் சுவரை வெளியாள் தொடக் கூடாதும்மா. சர்க்குலர் இருக்கு.”

“செவரத் தொடல சார். மண்ணைத்தான் தொடுதேன். மண்ணுக்கு சர்க்குலர் இருக்கா?”

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் உள்ளே போய்க் கோப்பைத் திறந்து பார்த்தார். கால் மணி நேரம் பார்த்தார். மண்ணுக்கு சர்க்குலர் இல்லை.

“எவ்வளவு தண்ணி வேணும்?” என்று கேட்டார்.

“நாப்பது கொடம்.”

அந்தக் கோடையில் கோவில்பட்டியில் நாற்பது குடம் தண்ணீர் கேட்பதற்கு, நாற்பது பவுன் கேட்டிருக்கலாம். யாராவது தந்திருப்பார்கள்.

பேங்கு குளித்த கதை

அக்காவின் நல்ல காலம், பின்தெருவில் அன்றைக்குத்தான் குழாய்த் தண்ணீர் முறை. குடங்கள் பாம்புபோல வளைந்து நின்றன. அக்கா நேராக வரிசைக்குப் போனார்.

“தாயிகளா, ஆளுக்கு ஒரு கொடம் தண்ணி தரணும்.”

“கல்யாண வீட்டுக்கா யக்கா?”

“இல்ல, பேங்குக்கு.”

வரிசை முழுக்கச் சிரித்தது. “பேங்குக்குக் காச்சல் விட்டிருச்சாக்கும்? தலைக்குத் தண்ணி ஊத்தப் போறாவளா?”

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒம்பது நாளைக்கு ஒருக்க வருத தண்ணி. அதக் கொண்டுபோயி மண்ணுல ஊத்தச் சொல்லுதீயளே, கிறுக்கா புடிச்சிருக்கு?”

அக்கா அவள் காதைப் பார்த்தார். “ஒங் கம்மலு எங்க தாயி?”

அந்தப் பெண்ணின் கை தன்னால் காதுக்குப் போனது. வேப்பங்குச்சி செருகியிருந்தது. “பேங்குலதான்.”

“ஒஞ் சங்கிலி?” என்று அடுத்தவளிடம் கேட்டார்.

“அதுவும் அங்கனதான் யக்கா.”

“இன்னைக்கி அந்தக் கதவு தெறக்கலேன்னா எனக்கு நாளைக்கு மானம் போவும். ஒங்களுக்குத் தெறக்க வேண்டிய அன்னைக்கும் அது இதே கதவுதான்.”

அப்புறம் முதல் குடம் தூக்கியவள் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்தான்.

மைதீன் பாய் விற்பனைக்கு வைத்திருந்த புது வாளி பன்னிரண்டை இறக்கிக் கொடுத்தார். “இருவது வருசமா வாளி விக்குதேன். வீட்டுக்கு வாங்குவாவ, மாட்டுக்கு வாங்குவாவ. பேங்கக் குளிப்பாட்ட இன்னைக்குத்தான் போவுது” என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார்.

வெடிப்பு குடித்தது பாருங்கள், அப்படி ஒரு குடி. பத்துக் குடம் ஊற்றியும் மேலே ஈரம்கூடத் தெரியவில்லை. “இது மண்ணா, மைச்சினனா?” என்றாள் ஒருத்தி. முப்பது தாண்டியதும் உள்ளே கொப்புளம் விடும் சத்தம் கேட்டது. அக்கா தரையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, வெடிப்பின் ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாற்பது ஆனதும், “போதும், இனி அதும்பாட்டுக்கு ஊதட்டும்” என்றார்.

மணி பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. நானும் வாட்ச்மேனும் அரைமணிக்கு ஒரு தடவை போய்த் தொங்கிவிட்டு வந்தோம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். அக்கா ரசீதை மடித்தார், விரித்தார். அதன் மடிப்பே கிழிந்துவிடும்போல இருந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “எல்லாத் தண்ணியும் அதுக்குள்ள போவட்டும்” என்றார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். நான் கைப்பிடியில் கை வைத்தேன். தொங்கக்கூட இல்லை. கதவு, நேற்று வரை எந்தத் தகராறும் பண்ணாத பிள்ளை மாதிரி, சாதுவாகத் திறந்துகொண்டது.

பின்தெரு முழுக்க வங்கிக்குள் வந்து நின்று குலவை போட்டது. அக்கா சங்கிலியையும் கம்மலையும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, சுருக்குப் பையில் போட்டு, பையை இடுப்பில் இறுக்கினார். கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா முனை வளைந்தது. “வாரேன் தம்பி, வாரேன் சார்” என்று பஸ்ஸுக்கு ஓடியவர், தூண்களுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பத் தவறவில்லை.

மூடாத கதவு

எல்லோரும் உள்ளே குலவை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே ஒரு காரியம் நடந்திருக்கிறது. வரிசையின் கடைசியில் இருந்தவர்களுக்கு யாரும் ‘போதும்’ என்று சொல்லவில்லை. தங்கள் கம்மலுக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று அவர்கள் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எத்தனை குடம் என்று யாரும் எண்ணவில்லை.

மண் ஊதியது. ஊதவேண்டிய அளவுக்கு ஊதி, மேலும் ஊதியது.

ஆறு மணிக்குக் கதவை மூடப் போனால், ஒரு சாண் இடைவெளியில் நின்றுவிட்டது. தள்ளினோம். முதுகைக் கொடுத்து முட்டினோம். நிலை இப்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது. ஊர்த் தங்கம் அத்தனையும் உள்ளே, கதவு ஆவென்று வாயைத் திறந்துகொண்டு.

மேனேஜர் மறுபடியும் டிரங்க் கால் போட்டார். மெக்கானிக் வர மூன்று நாளாகும், அதுவரை பொறுப்பு முழுவதும் மேனேஜரையே சேரும் என்றார்கள்.

“மூணு நாளா?” என்று கேட்டார் பாவம். அவர் குரலில் அந்த வார்த்தை அவ்வளவு நீளமாக இருந்து நான் கேட்டதில்லை.

நாற்காலியைக் கதவு முன்னால் போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே. வாட்ச்மேன் துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்பார். வாட்ச்மேனையும் முழுசாக நம்ப முடியவில்லை, அதனால் அவரையும் சேர்த்துக் காவல் காத்தார். நான் பின்பக்கம் போய் மண் காய்கிறதா என்று பார்த்து மணிக்கொரு தடவை தகவல் சொல்ல வேண்டும். மைதீன் பாய் எட்டிப் பார்த்து, “சார், வெசிறி வேணும்னா கடையில இருக்கு. மண்ணுக்கு வீசலாம்” என்றார்.

நாலாம் நாள் மெக்கானிக் வந்தபோது மண் தன் அளவுக்குக் காய்ந்துவிட்டது. கதவு விரல் பட்டதும் மூடியது. ‘கதவில் கோளாறு ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்து, பயணப்படியை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் அதற்கு முந்தின நாள் மதியம், சீனித்தாய் அக்கா வந்தார். பின்னால் மகளும் மருமகனும், கோவிலுக்குப் போகிற வழியில். கையில் ஐந்தடுக்குத் தூக்குப் பாத்திரம். மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்திருந்த மேனேஜரை அக்காவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

“ஏட்டி, சாருக்குக் காட்டு” என்றார் மகளிடம்.

அந்தப் பெண் வெட்கத்தோடு முந்தானையை விலக்கி, கழுத்திலிருந்த ரெட்டைவடத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். புது மஞ்சள் கயிற்றுக்குப் பக்கத்தில் அது மினுமினுத்தது.

“ஏழு மணி முகூர்த்தத்துக்கு இது கழுத்துல இருந்துது சார். குளத்தூர்க்காரவிய ஒரு வார்த்த சொல்லல.”

மேனேஜர் எழுந்து நின்றார். ஒரு வாடிக்கையாளருக்காக அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சங்கிலியையும், ஒரு சாண் திறந்திருந்த கதவையும், அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மா,” என்றார், குரலைத் தாழ்த்தி, “நான் மூணு நாளா இந்த இடத்தை விட்டு நகரலை. ஒரு பத்து நிமிஷம் குளிச்சிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க இந்தக் கதவைப் பார்த்துக்குவீங்களா?”

நானும் நின்றுகொண்டிருந்தேன், துப்பாக்கியோடு வாட்ச்மேனும் நின்றுகொண்டிருந்தார். எங்களை அவர் கேட்கவில்லை.

“போயிட்டு வாங்க சார்” என்று அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆறு தூண், இரண்டு சாவி, ஒரு துப்பாக்கி, அலமாரி நிறைய சர்க்குலர். இத்தனையும் இருந்த அந்த வங்கி அதன் ஆயுசில் பத்திரமாக இருந்த பத்து நிமிஷம் அதுதான்.